பட்டி, பந்து, சட்டை: கொழும்பின் செல்ல நாய்களுக்குக் கையால் செய்தவை

கொழும்பு வீடுகளில் வளர்ப்பு நாய்க்கென்று கையால் செய்யப்பட்ட பொருள்களில் நெடுங்காலம் முதன்மையாக இருந்தது கழுத்துப்பட்டி. பந்தும் சாக்குப் படுக்கையும் அதன் கூடவே வந்தவை. சட்டை, தொப்பி, குஞ்சம் வைத்த பொம்மை போன்றவை மிகப் பிந்தியவை. பட்டியை ஒவ்வொரு வீட்டுக்கும் கட்டாயமாக்கியது சட்டம். சட்டையைத் தைக்கத் தூண்டியது மலிவாகக் கிடைத்த வெட்டுத்துணி. பொம்மையைத் தேவையாக்கியது முற்றமில்லாத தொடர்மாடி வாழ்க்கை. தமிழர் செறிந்து வாழும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இந்த மூன்று காரணங்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் செயற்பட்டதைக் காணலாம்.

நாயின் கழுத்தில் எதையாவது கட்டும் வழக்கம் மிகப் பழையது. சிந்துவெளியில் கிடைத்த சுடுமண் நாய்ப் பொம்மைகள் சிலவற்றின் கழுத்தில் பட்டி காட்டப்பட்டுள்ளது. எகிப்தில் 18ஆம் அரச வம்சக் காலத்துக் கல்லறை ஒன்றில் கிடைத்த தோற்பட்டியில் நாயின் பெயரே பொறிக்கப்பட்டிருந்தது. அது இன்று கெய்ரோ அருங்காட்சியகத்தில் உள்ளது. தமிழ்நாட்டில் திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூரில் உள்ள நடுகல், முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில், 7ஆம் நூற்றாண்டில் நாட்டப்பட்டது. தலைவன் இறந்த பின்னும் கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாயை அது பெயர் சொல்லிப் போற்றுகிறது. ஒரு நாய்க்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரைக் கல்லில் வெட்டிய சமூகம் அதை வெறும் காவற்பொருளாக எண்ணியிருக்க முடியாது. இலங்கையின் மகாவம்சமும் தன் தொடக்கக் கதையில் நாயைக் கொண்டுவருகிறது. விஜயனின் ஆட்கள் கரையிறங்கியபோது யட்சினி ஒருத்தி பெட்டைநாய் வடிவில் எதிர்ப்படுகிறாள். நாய் உள்ள இடத்தில் ஊரும் இருக்கும் என்று எண்ணி ஒருவன் அதைப் பின்தொடர்கிறான்.

ஈழத்துச் சைவர்களுக்கு நாயுடன் உள்ள உறவு வைரவர் வழியாகவும் வருகிறது. யாழ்ப்பாணத்து வளவுகளில் மரத்தடியில் சூலம் நாட்டி வைரவரை வழிபடுவதும், மடை வைப்பதும், வடைமாலை சாத்துவதும் இன்றும் நடப்பவை. வைரவரின் வாகனம் நாய். கொழும்புக்கு உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் வந்த குடும்பங்கள் இந்த நம்பிக்கையையும் கூடவே கொண்டுவந்தன. கொட்டாஞ்சேனைப் பக்கம் கொச்சிக்கடையில் உள்ள பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் 1857இல் தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதைக் கருங்கல்லால் மீளக் கட்டினார். மற்றச் சிவாலயங்களைப்போல அங்கும் கோயிற் காவல் வைரவர் பொறுப்பு. வைரவரின் நாய்க்கு மாலை சாத்திப் பழகிய கை, வீட்டு நாயின் கழுத்தில் கறுப்பு நூலோ சிறு மணியோ கட்டத் தயங்காது. கண்ணூறு படாமல் இருக்க நாய்க்குட்டிக்குக் கறுப்பு நூல் கட்டுவது, குழந்தைக்குக் கட்டுவதைப் போன்ற அதே அக்கறையிலிருந்து வருவது.

ஐரோப்பியர் கொண்டுவந்த நாய் வேறு வகையானது. கொழும்பில் சாதி நாய் என்ற எண்ணமே அவர்களுடன் வந்தது. நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் தம் வேட்டை நாய்களுடன் காடு மேடெல்லாம் அலைந்து, 1850களில் அதுபற்றி ஒரு நூலே எழுதினார். 1904 டிசம்பரில் குடிமைச் சேவைக்கு வந்திறங்கிய லெனார்ட் வூல்ஃப், சார்ள்ஸ் என்ற கம்பி மயிர் ஃபொக்ஸ் டெரியர் நாயையும் வரவழைத்தார். அவர் வந்த கப்பலில் நாய்க்கு இடமில்லாததால் அது வேறொரு கப்பலில் வந்தது. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய உடனே அந்த நாய், வீதியோரத்தில் வெள்ளைச் சாரத்துடன் நின்ற ஒருவரை இலண்டன் விளக்குக் கம்பமென எண்ணி நடந்துகொண்டதை வூல்ஃப் தம் தன்வரலாற்றில் பதிவுசெய்துள்ளார். பின்னர் அது அவருடன் யாழ்ப்பாணம் சென்றது. துரைமாரின் நாய்களுக்குத் தோற்பட்டியும் சங்கிலியும் கடலைக் கடந்து வந்தன. அதே காலத்தில் பாரிஸில் நாய்களுக்கு மட்டும் உடை தைக்கும் தையற்கடைகள் இருந்தன. இலண்டனிலும் பணக்காரரின் மடி நாய்களுக்குக் கம்பளி மேலுறைகள் விற்பனையாயின. அந்த நாகரிகத்தின் ஒரு சிறு பகுதி கொழும்பின் கறுவாத்தோட்ட மாளிகைகளை எட்டியது. மத்தியதர வீடுகள் அதைப் பார்த்து, தம் கையிலிருந்ததைக் கொண்டு தாமே செய்யத் தொடங்கின.

ஆனால் சாதாரண வீட்டு நாயின் கழுத்துக்குப் பட்டியைக் கொண்டுவந்தது நாகரிகத்தை விட விசர்நாய்க்கடியின் பயமே. 1893ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விசர்நாய்க்கடியைக் கட்டுப்படுத்த இயற்றப்பட்டது. அதைத் தொடர்ந்து 1901ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் நாய்களைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது. உரிமையாளர் உள்ளூராட்சி மன்றத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தித் தம் நாயைப் பதிவுசெய்ய வேண்டும். பதிவற்ற நாய் பிடிபடலாம்; பிடிபட்டது மீட்கப்படாவிட்டால் கொல்லப்படலாம். கொழும்பில் இந்தப் பொறுப்பு மாநகர சபையிடம் இருந்தது. நாய் பிடிக்கும் வண்டி ஒழுங்கைக்குள் நுழையும்போது பிள்ளைகள் ஓடிப்போய்த் தம் நாயை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவது, பல தலைமுறைக் கொழும்புவாசிகளின் நினைவில் உள்ள காட்சி. கழுத்தில் பட்டியும் அதில் தகடும் உள்ள நாய் வீட்டு நாய்; இல்லாதது கட்டாக்காலி. அந்த ஒரு வார் இருந்தால் உயிர் தப்பும், இல்லாவிட்டால் போகும்.

அதனால் பட்டி செய்யும் கைவேலை ஏழை வீடுகளிலும் பரவியது. தகப்பனின் தேய்ந்த இடுப்புவாரை அளவுக்கு வெட்டி, ஆணியைச் சுடவைத்துத் துளையிட்டு, அதே வாரின் பித்தளைக் கொக்கியையே பூட்டாக வைப்பது ஒரு முறை. வீதியோரத்தில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஓரம் தைத்து வாங்குவது அதற்கு ஒரு படி மேல். சேலைக்கரையை மூன்றாகக் கிழித்துப் பின்னிய பட்டி மென்மையானது. ஆனால் மழையில் நனைந்தால் நாறும். தும்புக்கயிறு மலிவு, கழுத்து மயிரை உதிர்த்துப் புண்ணாக்கும். அதைத் தவிர்க்கப் பழைய துணியைக் கயிற்றின்மேல் சுற்றித் தைத்தார்கள். புறக்கோட்டைக் கடைகளில் வாங்கிய பித்தளை மணியை அதில் கோத்தால் வேலை நிறைவாகும். மணிக்குப் பயனும் உண்டு. இருட்டிய ஒழுங்கையில் நாய் எங்கே நிற்கிறதென்று அதன் ஒலி சொல்லும். உலகின் வேறு இடங்களில் பட்டிக்கு வேறு வேலைகளும் இருந்தன. இமயமலை இடையரின் நாய்கள் சிறுத்தையின் வாயிலிருந்து தப்ப முள் வைத்த இரும்புப்பட்டி அணிந்தன. இங்கிலாந்தின் லீட்ஸ் கோட்டையில் நாய்ப்பட்டிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பல நூற்றாண்டுகளின் பட்டிகளை அங்கே வரிசையாகப் பார்க்கலாம்.

விசர்நாய்க்கடி மிகையான அச்சமாக இருக்கவில்லை. 1973இல் மட்டும் இலங்கையில் 377 பேர் அந்நோயால் இறந்தனர். 1970களின் நடுப்பகுதியிலிருந்து நாடளாவிய கட்டுப்பாட்டுத் திட்டமும் நாய்களுக்கான தடுப்பூசியும் விரிந்தன. அண்மைய ஆண்டுகளில் மரணங்கள் ஆண்டொன்றுக்கு 20 முதல் 30 வரை என்ற அளவுக்கு இறங்கியுள்ளன. நாய்களைக் கொன்று நோயை ஒழிக்கும் பழைய முறை 2006இல் கொள்கையளவில் கைவிடப்பட்டது. அவ்வாண்டில் அன்றைய சனாதிபதி மகிந்த ராஜபக்ச, கட்டாக்காலி நாய்களைக் கொல்லாதிருக்கும்படி அறிவித்தார். 2007 முதல் 2012 வரை புளூ போ டிரஸ்ட் என்ற அமைப்பு கொழும்பில் நாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி ஏற்றி, பிடித்த இடத்திலேயே விடும் திட்டத்தை நடத்தியது. நூறாண்டுக்கு மேலாகக் கழுத்துப்பட்டியின்மேல் கிடந்த உயிர்ப்பாரம் அப்போதுதான் இலேசானது. பட்டி ஓர் அலங்காரப் பொருளாக மாறும் வாய்ப்பும் அதன் பின்னர்தான் முழுமையாக வந்தது. நாய்க்குச் சட்டை தைக்கும் பழக்கம் கொழும்பில் 21ஆம் நூற்றாண்டில் தழைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. கொல்லப்படக்கூடிய ஒன்றை அலங்கரித்துப் பார்க்க மனிதர் தயங்குவர்.

சட்டைக்குத் துணி வேண்டும், ஊசி வேண்டும், தைக்கத் தெரிந்த கை வேண்டும். கொழும்பில் மூன்றும் நன்றாக அமைந்தன. சிங்கர் தையல் இயந்திர நிறுவனம் 1877இலேயே புறக்கோட்டையில் விற்பனை தொடங்கியது. தவணை முறையில் வாங்கிய அந்தக் கறுப்பு இயந்திரம், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை வீடுகளில் சீதனப் பொருளாகவே மாறிவிட்டது. பெண்பிள்ளைகளின் பாடசாலைகள் தையலைப் பாடமாகக் கற்பித்தன. கொட்டாஞ்சேனை நல்லாயன் கன்னியர் மடம், வெள்ளவத்தை சைவ மங்கையர் வித்தியாலயம் போன்றவற்றில் படித்த மாணவிகள் சட்டை வெட்டவும், பொத்தான்துளை கட்டவும், பின்னல் போடவும் கற்று வெளிவந்தனர். வெள்ளவத்தையிலோ ஒரு பெரிய துணி ஆலையே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய வெள்ளவத்தை நூல் நெசவு ஆலை, நாட்டின் மிகப் பெரிய துணி ஆலையாக நெடுங்காலம் இயங்கியது. 

துணி உண்மையிலேயே பெருகியது 1977க்குப் பின்னர்தான். திறந்த பொருளாதாரக் கொள்கையும், 1978இல் கட்டுநாயக்கவில் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயமும் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகளைக் கொண்டுவந்தன. அங்கு மிஞ்சிய வெட்டுத்துணி நிறை கணக்கில் வெளியே வந்தது. அது கால்மிதியானது, தலையணைக்குள் அடைக்கப்பட்டது, பிள்ளைகளின் சட்டையானது. கைப்பிடி அகலத் துண்டு மனிதருக்கு உதவாது. பொமரேனியன் குட்டிக்கு அது ஒரு முழுச் சட்டை. இந்த எளிய உண்மைதான் நாய்ச் சட்டையைச் செலவில்லாத கைவேலையாக்கியது. ஏற்றுமதி உபரி ஆடைகளுக்கும் நாய்களுக்கும் இடையில் வேறொரு தொடர்பும் கொழும்பில் உண்டு. உபரி ஆடைகளைக் காரின் பின்பெட்டியில் வைத்து விற்கத் தொடங்கி, 1989இல் ஓடெல் கடையை நிறுவிய ஓட்டாரா குணவர்தன, 2007இல் எம்பார்க் என்ற நாய்நல அமைப்பைத் தொடங்கினார். தெருநாய்களின் சிகிச்சைக்கும் குட்டிகளுக்கு வீடு தேடுவதற்கும் ஆகும் பணத்தை எம்பார்க் பெயரில் ஆடைகளும் பொருள்களும் விற்றே அவ்வமைப்பு திரட்டியது. தெருவில் பிறந்த நாயும் அழகாக அலங்கரித்து அழைத்துச் செல்லத் தகுந்தது என்ற எண்ணத்தை நகரத்து இளைஞரிடம் பதித்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு.

விலங்குக்கு உடை உடுத்துவது இந்த ஊருக்கு அந்நியமானதன்று. நாய்க்குச் சட்டை போடுவதை மேல்நாட்டுப் பைத்தியம் என்று தள்ளிவிடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பட்டிப்பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை போட்டு, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைப்பது தமிழரின் வழக்கம். 19ஆம் நூற்றாண்டு முதல் செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியே பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் வரும் ஆடிவேல் இரதத்தின் மாடுகளும் அலங்காரத்துடனேயே வந்தன. கங்காராமை விகாரையின் நவம் பெரஹரா 1979 முதல் நடக்கிறது. அதில் வரும் யானைகள் தும்பிக்கை நுனிவரை பூவேலை செய்த பட்டாடை அணிந்திருக்கும். நேபாளத்தில் தீபாவளியை ஒட்டிய திகார் பண்டிகையின் ஒரு நாள் முழுக்க நாய்களுக்கே உரியது. வீட்டு நாய், தெருநாய் என்ற வேறுபாடின்றிச் செவ்வந்தி மாலை போட்டு, நெற்றியில் திலகமிட்டு, உணவு படைப்பார்கள். பண்டிகை நாளில் குடும்பத்தின் புதுச்சட்டைத் துணியில் மிஞ்சியதை வெட்டி நாய்க்கும் ஒரு கழுத்துத்துணி கட்டும் கொழும்பு வீடு, இந்த நீண்ட வரிசையில்தான் சேருகிறது.

சட்டை தைக்கும் முறையைச் சொல்வது எளிது. மூன்று அளவுகள் போதும்: கழுத்துச் சுற்று, முன்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்று, கழுத்தடியிலிருந்து வாலடி வரை முதுகு நீளம். பழைய பெனியனோ குழந்தையின் கையில்லாச் சட்டையோ வெட்டும் மாதிரியாகிறது. நெஞ்சுப் பக்கம் குட்டையாகவும் முதுகுப் பக்கம் நீளமாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிறுநீர் படும். அக்குளில் துணி உரசினால் புண் வரும் என்பதால் கால்துளையைத் தாராளமாக விட வேண்டும். பொத்தானும் கொக்கியும் ஆபத்து, கடித்து விழுங்கிவிடும். வெல்குரோவோ நாடாவோ நல்லது. கொழும்பில் பகல் வெப்பம் பெரும்பாலும் 30 பாகையைத் தொடும். காற்றிலும் ஈரம் மிகுதி. நாய் மனிதரைப்போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கும். ஆதலால் கம்பளியும் நைலோனும் இங்கே கொடுமை. மெல்லிய பருத்திச் சட்டை, அதுவும் சிறிது நேரத்துக்கு மட்டும் என்பதே சரி. இந்த விடயத்தில் தைப்பவரின் ஆசையை விட நாயின் மூச்சுக்கே முதலிடம்.

சில சட்டைகள் அலங்காரத்துக்காகத் தைக்கப்படுவதில்லை. அவையே மிகப் பயனுள்ளவை. கருத்தடை சத்திரசிகிச்சைக்குப் பின் தையலை நாய் நக்காமலிருக்க, பழைய ரீசேட்டின் கையில் முன்கால்களை விட்டு வயிற்றை மூடிக் கட்டுவார்கள். கழுத்தைச் சுற்றிப் புனல்போல மாட்டும் காப்பைப் பழைய எக்ஸ்ரே படத்தையோ அட்டைப்பெட்டியையோ வளைத்துச் செய்வதும் உண்டு. ஓரத்துக்குத் துணி தைக்காவிட்டால் கழுத்தை அறுக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் உடைந்த குடையின் துணி அருமையான மழையங்கியாகிறது. சிலிசிலிப் பையில் துளை போட்டு மாட்டியவர்களும் உண்டு. அது மூச்சை அடைக்கக்கூடியது. சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, கிரிக்கெட் வெற்றி என்று கொழும்பில் வெடி கொளுத்தக் காரணம் பல. அந்த நேரங்களில் நடுங்கும் நாயின் நெஞ்சில் நீளத் துணியை வைத்து, முதுகில் குறுக்காகக் கொண்டுவந்து, வயிற்றடியில் சுற்றி, இறுக்காமல் அணைத்துக் கட்டினால் சில நாய்கள் அமைதியடைகின்றன. எல்லா நாய்க்கும் இது பலிப்பதில்லை. எனினும் ஒரு பழைய சால்வையைக் கொண்டு செய்யக்கூடிய இவ்வளவு இரக்கமான கைவேலை வேறொன்று இல்லை.

விளையாட்டுப் பொருளின் வரலாறு ஓலையில் தொடங்குகிறது. ஈர்க்கு நீக்கிய தென்னோலையை மடித்துப் பின்னும் பந்து, பனையோலைக் கிலுகிலுப்பை, குரும்பட்டியில் ஈர்க்குக் குத்திச் செய்யும் தேர் ஆகியவை பிள்ளைகளுக்கெனச் செய்யப்பட்டவை. பிள்ளை விட்டெறிந்த ஓலைப்பந்தைக் கவ்வி ஓடும் நாய்க்குட்டியே அதன் இரண்டாம் சொந்தக்காரன். தேங்காய் மட்டையும் பொச்சும் நாய்கள் தாமே தேர்ந்த பொம்மைகள். பல் முளைக்கும் குட்டி அவற்றை மணிக்கணக்காகக் குதறும். ஆனால் தும்பை விழுங்கினால் குடலில் சிக்கும். 1876இல் ஹெனரத்கொடவுக்கு இறப்பர் கன்றுகள் வந்து சேர்ந்த பின், அடுத்த நூற்றாண்டில் இறப்பர் இந்த நாட்டின் பெரும் பயிரானது; பந்தும் செருப்பும் மலிவாயின. நாய் கடித்துப் பாழாக்கிய பாட்டாச் செருப்பின் மற்றச் சோடியை வெட்டி வளையமாக்கிக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது ஒரு சிக்கனமான வழி.

ஒழுங்கைக் கிரிக்கெட் கொழும்பு நாய்களுக்குச் செய்த உபகாரம் தனியே சொல்லத்தக்கது. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில், பிள்ளைகள் தேயும்வரை அடித்த டென்னிஸ் பந்து கடைசியில் நாயிடம் போகும். அதைக் கிழிந்த காலுறைக்குள் போட்டு இருபுறமும் முடிந்தால், எறியவும் இழுக்கவும் ஏற்ற பொம்மை தயார். பழைய சாரத்தை மூன்று கீலமாகக் கிழித்துச் சடைபோலப் பின்னி நுனியில் முடிச்சிட்டால் இழுவைக் கயிறு. துணிப்பொம்மை என்ற கருத்தும் உலகெங்கும் வெட்டுத்துண்டிலிருந்தே வளர்ந்தது. ஜெர்மனியில் மார்கரெட் ஷ்டைஃப் 1880 அளவில் கம்பளித்துணியால் ஊசி குத்திவைக்கும் ஒரு சிறு யானையைத் தைத்தார். பிள்ளைகள் அதைப் பொம்மையாக்கிக் கொண்டதிலிருந்து ஒரு பெரும் தொழில் பிறந்தது. கொழும்பில் பார்பரா சன்சோனி 1960களில் தொடங்கிய பெயர்ஃபுட், கைத்தறித் துணியில் விலங்குப் பொம்மைகளைச் செய்து புகழ் பெற்றது. அவர் அந்த வேலைக்கு வந்தது நல்லாயன் கன்னியரின் நெசவு முயற்சிக்கு உதவப்போய்த்தான். அந்தப் பொம்மைகள் பிள்ளைகளுக்கானவை. நாய்க்குத் தைப்பவர் அவற்றின் வடிவத்தைப் பார்த்துக் கற்கலாம். ஆனால் கண்ணுக்குப் பொத்தான் தைக்கக் கூடாது; உள்ளே இலவம்பஞ்சுக்குப் பதில் துணித்துண்டையே அடைக்க வேண்டும்; நூல் நுனி தொங்கக் கூடாது. விழுங்கிய நூல் குடலை மடித்து இழுத்து நாயைக் கொல்லும் என்பதை மிருக வைத்தியர்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார்கள்.

கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் இந்தக் கைவேலையில் ஒரே வழியில் செல்லவில்லை. கொட்டாஞ்சேனையின் நெருக்கமான வரிசை வீடுகளிலும் தோட்டங்களிலும் நாய் ஒழுங்கைக்கே பொதுவாக இருந்தது. ஒரு வீட்டில் சோறு, இன்னொரு வீட்டில் மீன்தலை, மூன்றாம் வீட்டு வாசலில் விரித்த சாக்கில் தூக்கம். அத்தகைய நாய்க்குப் பட்டியும் சாக்குமே உடைமை. பொம்மைக்குப் பதில் அதற்கு முழுத் தெருவும் இருந்தது. வெள்ளவத்தையில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குடியேறிய அரசாங்க உத்தியோகத்தரின் வீடுகளுக்கு முற்றமும் மதிலும் இருந்தன. நாய் அங்கே காவற்காரன். தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்செயல் அந்த வீடுகள் பலவற்றை எரித்தது. 1990களிலிருந்து வடக்கு, கிழக்கிலிருந்து வந்த குடும்பங்களுக்காகவும், வெளிநாடுகளில் வாழும் உறவினரின் பணத்திலும், பழைய வளவுகளில் தொடர்மாடிகள் எழுந்தன. முற்றம் போனதும் பெரிய காவல் நாய்க்கு இடமில்லை. மாடிவீட்டுக்குப் பொமரேனியனும் பின்னர் ஷிட்சுவும் வந்தன. அறைக்குள் அடைபட்ட நாய்க்கு வேலை கொடுக்காவிட்டால் அது சோபாவைக் கிழிக்கும், நாள் முழுக்கக் குரைக்கும், பக்கத்து வீட்டார் முறைப்பாடு செய்வர். பொம்மை அங்கே ஆடம்பரமாக அல்லாமல் அன்றாடத் தேவையாக வந்தது. துவாய்க்குள் பிஸ்கட்டைச் சுருட்டி ஒளித்து நாயைத் தேடவைப்பதும், முட்டை அட்டையின் குழிகளில் உணவை வைத்து மூடுவதும் அந்தத் தேவையில் பிறந்த கைவேலைகள். பிள்ளைகள் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்ட வீடுகளில், தனித்திருக்கும் தாய் தன் பழைய தையல் இயந்திரத்தை மீண்டும் திறப்பது பல தடவை நாய்க்குட்டிக்காகவே. அதைச் சிரிப்புக்குரியதாகக் காண்பவர் தனிமையை அறியாதவர்.

2020 மார்ச் 20இல் தொடங்கிய கொரோனா ஊரடங்கும், 2022இன் பொருளாதார நெருக்கடியும் இக்கைவேலைக்குப் புதிய வேகம் கொடுத்தன. ஒரு டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாய் வரை ஏறியபோது, வெளிநாட்டுப் பட்டியும் பொம்மையும் நடுத்தர வீட்டின் கைக்கெட்டாமல் போயின. நாயின் சோற்றுக்கே வழி தேடவேண்டிய நாளில் சட்டைக்குக் காசு இல்லை. ஆனால் அலுமாரியில் பழைய துணி இருந்தது. வீட்டிலிருந்து நாய்ச்சட்டை, கழுத்துத்துணி, படுக்கை தைத்துக் கைபேசி வழியே விற்பது சில பெண்களுக்குச் சிறு வருமானமுமானது.

நாய்களைப் பதிவுசெய்யும் 1901ஆம் ஆண்டுச் சட்டமும், மிருகவதையைத் தடுக்கும் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டமும் எழுத்தில் மிகப் பழையவை. வதைக்கு 1907ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த 100 ரூபாய்த் தண்டப்பணம் இன்றைய விலைவாசியில் பொருளற்றது. அதற்கு மாற்றாக ஒரு புதிய விலங்கு நலச் சட்டம் வேண்டுமென்ற கோரிக்கை பல ஆண்டுகளாக எழுப்பப்படுகிறது. தன் நாய்க்குச் சட்டை தைக்கும் ஒவ்வொரு வீடும் அந்தக் கோரிக்கைக்குக் குரல் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் தடுப்பூசி அட்டையைப் புதுப்பிக்கவும் வேண்டும்.